மொட்டைமாடியில் ஒரு சின்ன வானிலை நிலையம்

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அது 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். மழை இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குதான். இது புரிந்ததும், எங்கள் தெருவில் பெய்கிற மழையை நானே அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. மழையில் ஆரம்பித்தது, அப்புறம் வெப்பம், காற்று, நிழல், மூடுபனி என்று வளர்ந்து, இப்போது மொட்டைமாடியின் ஒரு மூலை முழுக்க என் சாமான்கள்தான். எல்லாமே வீட்டில் கிடக்கிற பொருட்களில் செய்தவை. எப்படிச் செய்தேன், வெயிலிலும் மழையிலும் எது தாங்கியது, அதை வைத்து என்னென்ன பார்க்கக் கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

மழைமானி

முதலில் செய்தது பாட்டில் மழைமானி. பக்கங்கள் நேராக இருக்கும் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டேன். கழுத்துச் சரிவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்குகிற இடத்தில் வெட்ட வேண்டும். கோடு கோணாமல் இருக்க, ஒரு தாளைப் பாட்டிலின் மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன் ஓரத்தை ஒட்டி மார்க்கரால் வரைந்துகொண்டால் போதும். பேப்பர் கட்டரால் ஒரு கீறல் போட்டு, அதில் கத்தரிக்கோலை நுழைத்து வெட்டலாம். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் கையைக் கிழிக்கும். மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுதான் புனல். புனல் மூடியிருப்பதால் உள்ளே சேர்ந்த நீர் சீக்கிரம் ஆவியாகாது.

பாட்டிலின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கே அளவு சரிவராது. கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போட வேண்டும். கல்லின் கனத்தில் பாட்டிலும் காற்றில் சாயாது. பூஜ்யக் கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு ஸ்கேலை ஒட்டினால் வேலை முடிந்தது. நேரான பகுதியில் நீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறதோ, மழையும் அத்தனை மில்லிமீட்டர். நீரின் மேற்பரப்பு ஓரங்களில் கொஞ்சம் ஏறி நிற்கும். கண்ணை அதே மட்டத்துக்கு இறக்கி, நடுவில் தாழ்ந்து தெரிகிற கோட்டைப் படிக்க வேண்டும்.

இந்தப் பாட்டில் ஒரு கோடைக்குமேல் தாங்கவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரில் பிளாஸ்டிக் மங்கி, ஓரம் பொடிந்துவிட்டது. தவிர, பெருமழையைச் சொல்ல அது போதுமே ஒழிய, தூறலை அதில் படிக்க முடியாது. அரை மில்லிமீட்டர் என்பது ஸ்கேலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே தொலைந்துபோகிற அளவு.

அதனால் அடுத்ததை வேறு மாதிரி செய்தேன். வாய் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள புனலின் பரப்பு கிட்டத்தட்ட 100 சதுர சென்டிமீட்டர். அந்தப் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 மில்லிலிட்டர் நீர் சேரும். அப்புறம் ஸ்கேலே வேண்டாம். உள்ளே இருக்கிற பாட்டிலை எடுத்து, மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் நீரை உறிஞ்சி அளந்து பத்தால் வகுத்தால் போதும். 2 மில்லிலிட்டர் என்றால் 0.2 மில்லிமீட்டர். 2 லிட்டர் பாட்டில் 200 மில்லிமீட்டர் மழைவரை கொள்ளும்; இது ஒரே நாளில் அடித்து ஊற்றுகிற மழைக்கும் பெரும்பாலும் போதுமானது. பாட்டிலை வெள்ளைப் பெயின்ட் அடித்த அகலமான பிவிசி குழாய்க்குள் நிற்க வைத்து, மேலே புனலைப் பொருத்தினேன். வெயில் பாட்டிலில் படாததால் இந்த அமைப்பு இன்னும் உறுதியாக இருக்கிறது.

செய்வதைவிட வைக்கிற இடம்தான் முக்கியம். பக்கத்துச் சுவரோ மரமோ புனலின் வாயைவிட எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் 1 மீட்டர் உயர்ந்திருந்தால் 2 மீட்டர் தள்ளி. புனலின் வாய் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சரியாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். தரையில் பட்டுத் தெறிக்கிற நீர் உள்ளே போகாதபடி உயரம் வேண்டும். ஆனால் ரொம்ப உயர்த்தினால் பலத்த காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய்விடும். மாடியைவிடத் திறந்த தரையில் அளப்பது நல்லது என்பதும் இதனால்தான். மாடிதான் இருக்கிறது என்றால் அங்கேயே வைக்கலாம். எப்போதும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு மழையை இன்னொன்றோடு ஒப்பிட எந்தத் தடையும் இல்லை. இன்னொன்று: தினமும் ஒரே நேரத்தில் அளந்து, மிச்சமில்லாமல் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட அதிக நாள் எடுத்துக்கொள்ளாது.

மழையை ஒரே அளவுள்ள பாத்திரத்தில் பிடித்து அளந்து பதிவுசெய்யும் வழக்கம் கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441இலேயே இருந்தது. மாடியில் சிரிஞ்சோடு குந்தியிருக்கும்போது அந்தப் பழைய வேலையில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை மாடிச் சுவரில் எக்கி, "அத்தை, இன்னிக்கு எத்தனை மில்லி?" என்று கேட்காத மழைநாளே இல்லை.

தெருவே நனைந்து, ஓடையாக ஓடியதுபோல் தெரிந்த ஒரு மாலை மழை வெறும் 4 மில்லிமீட்டர். இரவெல்லாம் சத்தமே இல்லாமல் சாரலாக விழுந்துகொண்டிருந்தது 22. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் மழையின் சத்தத்துக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை என்பது கண்ணில் பட்டது. மண் உள்வாங்குவது அந்தச் சத்தமில்லாத மழையைத்தான். மறுநாள் காலையில் தொட்டிச் செடியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும்.

வெப்பமானிக்கு ஒரு கூடு

வெயில் நேராகப் படுகிற வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தன்மேல் படுகிற வெயிலில் தானே சூடாகி அந்தச் சூட்டைக் காட்டும். அதனால்தான் வானிலை நிலையங்களில் பலகணிச் சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியை வைக்கிறார்கள். இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்.

மரத்தில் அந்தப் பெட்டியைச் செய்வது பெரிய தச்சுவேலை. அதே பலனைத் தருகிற சுலபமான வழி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள். ஏழெட்டுத் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைத்து, மேல்தட்டைத் தவிர மற்றவற்றில் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்ட வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் வெப்பமானி தொங்கும். எல்லாத் தட்டுகளிலும் ஓரத்தில் மூன்று துளைகள் ஒரே இடத்தில் வர வேண்டும். ஒரு தட்டில் அளந்து துளைத்துவிட்டு, மற்றதை அதனடியில் வைத்து அந்தத் துளை வழியாகவே டிரில் செய்தால் அச்சு மாறாமல் வரும். மூன்று மரைக்கம்பிகளில் தட்டுகளைக் கோத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய மெல்லிய குழாய்த் துண்டு, மேலும் கீழும் வாஷர், நட்டு. மேல்தட்டின் துளைகளைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசினால் மழை இறங்காது. தட்டுகள் ஒன்றன் விளிம்பு அடுத்ததை மறைப்பதால் வெயில் உள்ளே நுழைவதில்லை. காற்று மட்டும் நாலாப்பக்கமும் புகுந்து போகிறது.

கூட்டைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கம்பத்தில் கட்டினேன். கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை ராத்திரி வெகுநேரம்வரை விட்டுக்கொண்டிருக்கும். அதனால் அடியில் பூந்தொட்டிகளை நெருக்கி வைத்தேன்.

வெப்பமானி இரண்டு. ஒன்று அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது. இன்னொன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் வாலைக் காய்ச்சி வடித்த நீருள்ள சின்னக் குப்பியில் விட்டிருக்கிறேன். ஈரம் ஆவியாகும்போது அது குளிர்ந்து, பக்கத்தில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் வித்தியாசம் அதிகம். ஈரம் கூடக்கூட வித்தியாசம் குறையும். உலர்ந்தது 30, ஈரமானது 25 டிகிரி என்றால் காற்றின் ஈரப்பதம் சுமாராக மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால், வியர்வை காயாமல் உடம்பு பிசுபிசுக்கிற நாள். துணி அழுக்கானால் நீர் ஏறாது, அதனால் அவ்வப்போது துவைத்துப் போட வேண்டும்.

இந்தக் கூட்டைச் செய்ததற்கு எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பலன், இடிமழை வருவதை அருகிலிருந்து பார்த்தது. மேற்கே மேகம் கறுத்து எழும்பியிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. வெப்பமானி 34 டிகிரி. மழை விழுகிற இடத்தில் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, தரையில் மோதி, எல்லாத் திசையிலும் பரவும். அதன் முன்விளிம்புதான் மழைக்கு முன்னால் நம்மைத் தொடுகிற குளிர்காற்று. முதலில் தெருமுனை மரங்கள் வெளுத்தன; இலைகளெல்லாம் அடிப்பக்கம் திரும்பிவிட்டன. பிறகு பழைய தாள்கள் உருண்டு வந்தன. அடுத்து என் கம்பத்தில் கட்டியிருந்த கம்பளி நூல் படபடத்துக் கிடையாக நின்றது. வெப்பமானி இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது: 32, 30, 28. முதல் துளி விழுந்தபோது 26. அதற்கும் முன்பே மண்வாசனை வந்துவிட்டது, வேறெங்கோ நனைந்த மண்ணிலிருந்து.

அந்த வாசனைக்குப் பெரும் காரணம், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். துளி மண்ணில் விழும்போது மண்ணின் நுண்துளைகளில் காற்றுக் குமிழிகள் சிக்கி மேலே வந்து வெடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெறிப்பு வாசனையைக் காற்றில் ஏற்றிவிடுகிறது. ஓங்கி அடிக்கிற மழையைவிட லேசான மழையில் இது நன்றாக நடக்கும். பெருமழையில் வாசனை சீக்கிரம் அடங்கிப்போவதை நான் குறிப்பேட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

இந்தக் காட்சியைத் திறந்த மாடியில் நின்று கடைசிவரை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கூடாது. மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ண ஆரம்பியுங்கள். ஒலி 1 கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. கம்பமும் மரைக்கம்பியும் உள்ள மாடி என்றால் இதில் பேச்சே இல்லை. எண்ணியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 24, 15, 9 என்று குறைந்துகொண்டே வந்தால் புயல்மேகம் உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். சன்னலுக்குப் பின்னாலிருந்தே இதைச் செய்யலாம்.

நிழல்கோல்

1 மீட்டர் நீளமுள்ள ஒரு கோலைச் செங்குத்தாக நட வேண்டும். செங்குத்தைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வாளியில் மணல் நிரப்பி நட்டால் மாடியிலும் நிற்கும், ஆனால் வாளியை அசைக்காமல் விட வேண்டும். கோலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தையும் பிற்பகலில் மறுபடி தொடுகிற இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவே கோலிலிருந்து ஒரு கோடு இழுத்தால் அதுதான் வடக்கு தெற்கு. திசைகாட்டி தேவையில்லை.

வாரம் ஒருமுறை, கடிகாரத்தில் ஒரே நேரத்தில், நிழல் நுனியில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவாருங்கள். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் புள்ளிகள் கோலிலிருந்து விலகிப்போய்த் திரும்பி வரும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து, சூரியன் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் சில மாதங்களில் முந்தும், சில மாதங்களில் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம்வரை முந்தியிருக்கும். ஒரு ஆண்டு முடியும்போது தரையில் நீண்ட எட்டு ஒன்று உருவாகியிருக்கும். பருவம் என்பது எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு 2 நாள் நண்பகல் நிழல் கோலின் அடிக்குள்ளேயே மறைந்துவிடும். அந்த ரேகைகளைத் தாண்டியிருக்கிற ஊர்களில் அப்படி ஒருநாளும் இல்லை.

நிழல்கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வானவில்லின் வளைவு, சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 டிகிரியில் அமையும். ஆகவே சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் தரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. 1 மீட்டர் கோலின் நிழலில் இதைச் சொன்னால் 1.11 மீட்டர். அந்தத் தூரத்தில் கோலைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறேன். வெயிலும் மழையும் சேர்ந்து வருகிற நேரத்தில் நிழல் நீல வட்டத்தைத் தாண்டியிருந்தால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தேட வேண்டும். நிழலின் தலை நீள்கிற திசையில்தான் வில் வரும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தபிறகு, வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத மெல்லிய துண்டு வில்கள் நிறையக் கிடைத்தன.

கண்ணே கருவி

காற்றின் வேகத்துக்குக் கருவி ஏதும் செய்யவில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் கப்பல் பாய்களுக்காக வகுத்த அளவுகோலைப் பிறகு தரைக்கும் பொருத்தியிருக்கிறார்கள். தெருவில் ஒரு மரம் இருந்தாலே அதைப் படிக்கலாம். முகத்தில் காற்று உணர்ந்து இலை சலசலத்தால் 2. இலையும் சிறுகுச்சியும் ஓயாமல் ஆடினால் 3. தூசியும் தாளும் கிளம்பினால் 4. அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கத் திணறினால் 6. சில வாரங்களில் எங்கள் தெருமரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எண் மனதில் வந்துவிடுகிறது.

மூடுபனிக்கு ஒரு தூரப் பட்டியல். எதிர்வீட்டுக் கதவு, மூன்றாவது விளக்குக் கம்பம், தண்ணீர்த்தொட்டி, தொலைவில் ஒரு கோபுர விளக்கு என்று மாடியிலிருந்து தெரிகிறவற்றின் தூரத்தை வரைபடத்தில் அளந்து எழுதிக்கொண்டேன். 1 கிலோமீட்டருக்குள் இருப்பதே தெரியவில்லை என்றால் வானிலைக்காரர்கள் கணக்கில் அது மூடுபனி. கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோவதையும், வெயில் ஏறியதும் வரிசை தப்பாமல் திரும்பி வருவதையும் நேரம் போட்டுக் குறிப்பது அவ்வளவு சுகமான வேலை.

நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் கையை நீட்டி விரல்களை அகல விரியுங்கள். நிலவின் மேல் கட்டைவிரலை வைத்தால் சுண்டுவிரல் கிட்டத்தட்ட வட்டத்தைத் தொடும். உயரத்து மெல்லிய மேகத்தில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை 22 டிகிரி வளைப்பதால் வரும் வட்டம் அது. அதைவிடச் சின்னதாக, நிலவை ஒட்டி நிறம் காட்டுவது வேறு. அது நீர்த்துளிகளின் வேலை.

ஆலங்கட்டி மழைக்கு எப்போதும் தயாராக ஒரு பிளாஸ்டிக் பையும் ஸ்கேலும் படிக்கட்டில் வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் பெரியதாக நாலைந்தைப் பொறுக்கி, ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் எடுத்து, பையில் போட்டு உடனே உறைபெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பிறகு நிதானமாக, சூடாக்கிய கத்தியால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நடுவில் பால்போல் வெளுத்த ஒரு கரு, அதைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு அடுக்கு, மறுபடி வெளுப்பு. நீர் சட்டென்று உறைந்து காற்றுக்குமிழிகள் மாட்டிக்கொண்ட இடம் வெளுத்திருக்கும். மெதுவாக உறைந்து குமிழிகள் தப்பிய இடம் தெளிந்திருக்கும். மேகத்துக்குள் அந்தக் கட்டி எங்கெங்கே போய் வந்தது என்பதன் தடயம் சுண்டுவிரல் நகம் அகலத்துக்குள் இருந்தது.

குறிப்பேடு

பெரிய நோட்டுப் புத்தகம், பென்சில். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது. நாளுக்கு ஒரு வரி: மழை, உச்சம், தாழ்வு, காற்று எண், மேகம். மேகங்களின் வகைப்பெயர்களுக்கு இங்கிலாந்தின் வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் 1802இல் போட்ட அடித்தளம்தான் இன்றும் நிற்கிறது: கீற்று, குவியல், படலம் என்ற மூன்றையும் அவற்றின் கலப்புகளையும் கற்றுக்கொண்டாலே பாதி வானம் வசப்பட்டுவிடும்.

வரியின் கடைசியில் உயிர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். முதல் தளிர், தும்பிக் கூட்டம், ஈசல், குயிலின் முதல் கூவல். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் 1736இல் இப்படி எழுதத் தொடங்கியதை அவர் குடும்பத்தினர் 1958வரை தொடர்ந்தார்கள். பருவங்கள் எப்படி நகர்ந்திருக்கின்றன என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு அது உதவியது. "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி" என்பதையும் சோதித்துவருகிறேன். ஈசல் புதுப்புற்று தொடங்க ஈரமண் வேண்டும், அதனால் மழை பெய்த பிறகே அதிகமாகக் கிளம்புகிறது. மழைக்காலம் நிலைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால் பழமொழி என் குறிப்பேட்டோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இப்போது எங்கள் தெருவில் இரண்டாவது இடத்திலும் ஒரு மழைமானி இருக்கிறது. தெருவின் மறுகோடியில் இருக்கும் தோழி தன் தோட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறாள். அதே 11.3 சென்டிமீட்டர் புனல், அதே உயரம், காலையில் அதே நேரம் அளப்பது என்று பேசிக்கொண்டோம். வைத்த கொஞ்ச நாளிலேயே ஒரு மாலை இடிமழையில் எனக்கு 11 மில்லிமீட்டர், அவளுக்கு 3. அடைமழை நாட்களில் இரண்டும் அநேகமாக ஒன்றாகவே வருகின்றன. இடிமேகம் திட்டுத்திட்டாகக் கொட்டும், பரந்த மழைமேகம் எங்கும் ஒரேபோல் பெய்யும் என்று படித்தது ஒரு தெருவின் நீளத்துக்குள்ளேயே தெரிகிறது. நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் மூன்றாவதை வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. குழாயை வெட்டி இரண்டு கோட்டிங் வெள்ளைப் பெயின்ட் அடித்தாயிற்று. பிள்ளைகளே அளக்கப் போவதால் சிரிஞ்சுக்குப் பதில் கோடு போட்ட அளவுக்குவளை வைக்கப் போகிறேன்.